முதலில் ஸ்கேலை எடு

சென்னையில் ஜெராக்ஸ் மிஷின்களோடேயே தலை நரைத்துப்போன மெக்கானிக் அவர். ஓய்வு பெறப்போகிற நேரத்தில், பல வருடம் அவர் பார்த்துக்கொண்ட வக்கீல் அலுவலக மிஷினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்கள். புதிதாக வாங்கியதில் அவருக்கு வருத்தமில்லை. தள்ளுவதற்கு முன் ஒரு பிரிண்டைக்கூடத் தன்னிடம் காட்டவில்லையே என்பதுதான் கோபம். அப்படியென்ன குறை? பக்கத்துக்கு நாலு கருப்புப் புள்ளி.

புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்தால் பாதி வேலை முடிந்தது என்பார். டிரம்மின் விட்டம் 24 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 75 மி.மீ. டிரம்மில் ஒரு கீறல் விழுந்தால் 75 மி.மீ.க்கு ஒருமுறை அது தாளில் பதியும். இடைவெளி வேறாக இருந்தால் ஆள் வேறு: சார்ஜ் ரோலர், டெவலப்பர் ரோலர், பியூசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு. நீளவாக்கில் கோடு விழுந்தால் பிளேடைச் சந்தேகிக்கலாம். தாளைத் தானாக இழுக்கும் ஏடிஎஃப் வழியாக எடுத்த காப்பியில் மட்டும் கோடு, பிரிண்டில் இல்லையென்றால் ஓரத்துக் குறுகலான கண்ணாடியில் ஒயிட்னர் ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. அதற்கு எதற்கு பில்?

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த சீனியர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் தரவே மாதக்கணக்கானது. பாழான காப்பிகளைக் கத்தையாகப் போட்டு, "எங்க கோளாறு, சொல்லுடா" என்பார். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார், டீ வாங்கி வர அனுப்புவார். திரும்பி வரும்போது அதே கத்தை மேஜையில் இருக்கும். காப்பி மங்கலாக வருகிற மிஷினைத் தாள் பாதி வழி போகும்போது கதவைத் திறந்து நிறுத்துவார். டிரம்மில் எழுத்து பளிச்சென்று இருந்து தாளுக்கு வரவில்லை என்றால் டிரான்ஸ்பரில் கோளாறு. டிரம்மிலேயே மங்கல் என்றால் அதற்கு முந்தைய கட்டத்தில் தேட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லை, எர்ரர் கோட் இல்லை.

இப்போது வருகிற பையன்கள் கதவைத் திறந்ததும் "யூனிட் போச்சு சார்" என்கிறார்கள். மாற்றினால் சரியாகவும் ஆகிவிடுகிறது. எது கெட்டது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

மிஷின் வாங்கப் போகிறவர்கள் மேலும் அவருக்குக் குறை உண்டு. டியூட்டி சைக்கிள் என்று போட்டிருப்பது அந்த மிஷின் ஒரு மாதத்தில் தாங்கும் உச்சம். மாதாமாதம் அவ்வளவு ஓட்டலாம் என்று படிக்கிறார்கள். டோனர் கணக்கும் அப்படித்தான். எச்.பி. 12ஏ கார்ட்ரிட்ஜுக்கு 2000 பக்கம் என்பது தாளில் சுமார் 5 சதவீதம் மட்டும் கருப்பு விழுந்தால் வருவது. ஆதார் அட்டையும் பழைய பத்திரமும் கருகருவென்று காப்பி எடுக்கும் கடையில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்த்துவிட்டு, டோனர் டூப்ளிகேட் என்று சண்டைக்கு வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்த பேப்பர் பண்டிலை ஜன்னலோரம் வைத்து ஈரம் ஏறவிட்டுவிட்டு, ஜாம் ஆகிறது என்று கம்ப்ளெயின்ட் போடுகிறார்கள்.

ஏஎம்சி எனும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் பேச வருகிறவரை எடைபோட அவர் சொல்லும் வழி ஒன்றே. விசிட்டிங் கார்டை வாங்குமுன் ஒரு கெட்ட பிரிண்டை வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தினமும் எத்தனை எடுப்பீங்க, என்ன பேப்பர்?" என்று கேட்டால் பேசலாம். பார்க்காமலே ரேட் சொன்னால், டிரம்மும் பியூசரும் அந்த ரேட்டில் சேருமா என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சேராது.

பையன்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று கடைசியில் அவரே இறங்கிவருகிறார். எங்கும் விலை குறைத்துக் கேட்பவருக்கே ஒப்பந்தம். அந்த ரேட்டில் ஒரு பையனை இரண்டு பஸ் மாறி அனுப்பலாம், அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்ல முடியாது என்று பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.