கோட்டுக்கு வெளியே

2010-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு. சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியில் தங்கள் முதல் ஆட்டத்தில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஜகார்த்தாவில் மோதின. கிள்ளானில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். முதல் கோலை அடித்தது நம் அணிதான். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு நடந்ததைச் சொல்ல இன்றும் மனம் வரவில்லை. ஆட்டம் முடிந்தபோது நாம் 5-1 என்று தோற்றிருந்தோம்.

“இந்தப் பயிற்றுநரை மாற்றினால்தான் நம் அணி உருப்படும்,” என்றேன்.

அப்பா தொலைக்காட்சியை அடைத்தார். “அவர் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன், அம்மா,” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது கே. ராஜகோபாலைப் பற்றி. சிலாங்கூர் அணிக்கும் தேசிய அணிக்கும் விளையாடிய அவர், பின்னர்ப் பயிற்றுநராகி, 2009-இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றவர். அப்பாவும் இளமையில் தோட்டக் குழுவில் பந்து விளையாடியவர்தான். பால்மரக் காட்டில் வேலை முடிந்து, மாலையில் திடலில் கூடுவார்களாம். பின்னாளில் அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னபோது மறுத்துவிட்டாராம். ஏன் என்று அன்றிரவு கேட்டேன்.

“ஆடுகிறவன் தப்புச் செய்தால், அடுத்த நிமிடமே ஓடிப்போய்ச் சரி செய்யலாம். கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குக் கால் இருந்தும் பந்தைத் தொட முடியாது. அது எனக்குத் தாங்காது,” என்றார்.

எனக்கு அது முழுமையாகப் புரியவில்லை. தோல்விதான் பெரிதாகத் தெரிந்தது. ஓராண்டுக்கு முன் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியை நான் மறந்தே போயிருந்தேன். அங்கே குழு ஆட்டத்தில் நம் இளைஞர்கள் வியட்நாமிடம் தோற்றார்கள். பிறகு இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்தில் தங்கம் கொண்டுவந்தார்கள். அப்போதும் பயிற்றுநர் ராஜகோபால்தான். சுசுகி கிண்ணத்துக்கும் அந்த இளைஞர்களில் பலரையே அழைத்துச் சென்றிருந்தார்.

போட்டி தொடங்கிவிட்டால், நினைத்தபடி புதிய ஆட்டக்காரர்களை வரவழைக்க முடியாது. ஐந்து கோல்கள் வாங்கியவர்களையே எழுப்பி நிறுத்த வேண்டும். மூன்று நாள்களில் தாய்லாந்துடன் அடுத்த ஆட்டம். அதில் ஒரு கோலும் விடாமல் சமநிலை கண்டோம். லாவோஸை 5-1 என வென்றோம். அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமைப் புக்கிட் ஜாலிலில் 2-0 என வீழ்த்தினோம். ஹனோயில் நடந்த மறு ஆட்டத்திலும் எதிரணியைக் கோல் அடிக்கவிடவில்லை. தற்காப்பு எப்படி இவ்வளவு மாறியது என்று நானும் யோசிக்கத் தொடங்கினேன்.

இறுதியாட்டத்தில் மீண்டும் இந்தோனேசியா! டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்றோம். சாஃபி சாலி இரண்டு கோல்கள் அடித்தார். அஷாரி சம்சுடின் ஒன்று அடித்தார். நம் இரசிகர்கள் சிலர் எதிரணியினரின் முகத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றுபோனது. வெற்றியைப் பற்றிப் பேசும்போது அதை மறைப்பது நேர்மையாகாது.

டிசம்பர் 29. மறு ஆட்டம் ஜகார்த்தாவில், 5-1 என்று தோற்ற அதே அரங்கில். தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். 21 வயதுக் கோல் காவலர் கைருல் ஃபாமி பந்தைத் தடுத்துவிட்டார். “திறங்கப்பா, திறங்க!” என்று அவர் தோளை உலுக்கினேன். பிற்பாதியில் சாஃபி ஒரு கோல் அடித்தார். இந்தோனேசியா இரண்டு அடித்தது. அன்றைய ஆட்டத்தில் தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக நமக்குக் கிடைத்தது. டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. 2011 ஜூலையில், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 5-3 எனத் தோற்றோம். திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் இதே பேச்சுதான். “பயிற்றுநரை மாற்ற வேண்டும்,” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள், டீச்சர்?” என்றார்.

“இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது, சார்,” என்றேன்.

அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. நாம் வெளியேறினோம். அன்றிரவு அப்பாவும் நானும் கடைசி விசில்வரை எழுந்திருக்கவில்லை.