பட்டணத்தில் இரண்டு நாட்கள்

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதே வெள்ளிதான் விடுமுறை. ஆகவே ஓதிக் கொடுத்துப் பிழைக்கும் என் போன்றவன் குடும்பத்தாரோடு இவ்விரண்டையும் காண வேண்டுமாயின், நிர்வாகத்தாரிடம் சனி, ஞாயிறு இரு தினங்களுக்கு விடுப்புக் கேட்டே தீர வேண்டும். கேட்டேன்.

"ஹஜ்ரத், வீட்டில் ஏதும் விசேஷமா?" என்று வினவினார் செயலாளர்.

"அருங்காட்சியகம் பார்க்கப் போகிறோம். அப்படியே ஒரு நாடகமும்" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

விசேஷம் ஒன்று இருக்கத்தான் செய்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்ட என் மூத்த மகள், பி.ஏ. வரலாறு படிக்க வேண்டும் என்கிறாள். நானும் அப்பாடத்தில் பட்டம் பெற்றவன்தான். மறுக்க எனக்கு வாயில்லை. "செத்தவர் கதையைப் படித்து இவள் என்ன செய்யப் போகிறாள்? பி.காம். படிக்கட்டும், இல்லையேல் வீட்டில் இருக்கட்டும்" என்பது என் தாயாரின் தீர்ப்பு. என் மனைவியோ இரு பக்கமும் சேராமல் மௌனமாக இருந்தாள். அந்த மௌனம்தான் எனக்குக் கவலை தந்தது. மகள் படிக்க விரும்பும் பொருள் எத்தகையது என்பதை அவளைப் பெற்றவள் ஒருமுறை கண்ணாரக் காணட்டும் என்றே இப்பயணத்தை ஏற்பாடு செய்தேன்.

சிலைகள் நிறைந்த இடத்துக்குப் போகலாமா என்று ஊரில் சிலர் கேட்டனர். பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயத்தாரின் முடிவைப் பாருங்கள் என்று திருமறை ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் ஏவுகிறது. வணங்கப் போகிறவன் வேறு, அறியப் போகிறவன் வேறு. இதற்கு மேல் அதைப் பற்றி நான் விவாதிக்கவில்லை.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர். பார்ஸியும் உருதுவும் கற்ற அவர், திருவல்லிக்கேணியில் முகமதியப் பொது நூலகம் அமையக் காரணமாக இருந்தவர். அருங்காட்சியகத்தில் வைத்திருந்த வேங்கையையும் சிறுத்தையையும் காண மக்கள் திரளாக வருவதைக் கண்ட அவர், கர்நாடக நவாபிடம் பேசி, நவாபு வளர்த்து வந்த விலங்குகள் அனைத்தையும் நன்கொடையாகப் பெற்றார். 1855-இல் சென்னையில் உயிரியல் பூங்கா உருவானது இவ்வாறுதான். அது பல இடம் மாறி 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. வண்டலூரில் புலியைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் நம் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இதில் நவாபின் பங்கு தெரியும்?

அமராவதிச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் மகள் குறிப்பேடும் கையுமாகப் பார்த்தாள்; நாங்கள் பின்னால் நடந்தோம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் மட்டும் என் மனைவி நின்றுவிட்டாள். "யூனுஸ் நபியை விழுங்கிய மீன் இவ்வளவு பெரிதாகவா இருந்திருக்கும்?" என்று என் இளைய மகன் கேட்டான். "அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், அல்லாஹ்தான் அறிவான்" என்றாள் அவள்.

நாணயங்கள் இருந்த பகுதியில்தான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேய்ந்த வெள்ளிக்காசு ஒன்று. மகள் குனிந்து எழுத்துக் கூட்டினாள்: "ஆலம்கீர்... அர்க்காட்... ஜுலூஸ்." பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவியர் இருவர் வியப்போடு திரும்பி, "இதைப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டனர். மக்தபில் அலிஃப், பே கற்ற பிள்ளைக்கு இந்த எழுத்துகள் அந்நியமல்லவே! ஹிஜ்ரி ஆண்டு, அரசர் பட்டமேறிய ஆண்டு, காசு அடித்த ஊரின் பெயர் எல்லாம் அக்காசுகளில் உண்டு. இரண்டாம் ஆலம்கீர் 1759-இலேயே கொல்லப்பட்டார். ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அவர் பெயரையும், 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டையும், ஆட்சியின் ஆறாம் ஆண்டு என்ற குறிப்பையும் மாற்றாமலேயே ஆற்காட்டு ரூபாய்களை அடித்து வந்தனர். மக்கள் நம்பிய காசு அது. நம்பிக்கையைக் கம்பெனி இரவல் வாங்கிக் கொண்டது. இதை மகள் அந்த மாணவியருக்கு விளக்க, அவள் தாய் சற்றுத் தள்ளி நின்று, முக்காட்டைச் சரி செய்தபடி கேட்டுக் கொண்டிருந்தாள்.

மஃரிபைத் தொழுதுவிட்டு, அதே வளாகத்திலுள்ள மியூசியம் தியேட்டருக்குள் நுழைந்தோம். 1896-இல் கட்டப்பட்ட அரங்கம். வெள்ளைக்காரர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடித்துப் பார்த்த இடம். அன்று அங்கே இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'ஔரங்கசீப்'. கல்லூரி நாளில் நூலாகப் படித்தது; மேடையில் காண்பது இதுவே முதன்முறை. "அவரைக் கொடியவராகவே காட்டுவார்களோ, அத்தா?" என்று மகள் முன்பே அஞ்சியிருந்தாள். அப்படி எளிதாக முடித்துவிடக் கூடிய நாடகம் அன்று அது. பழைய நினைவுகளில் உழலும் ஷாஜஹான், தாராவின் பக்கம் ஜஹானாரா, ஔரங்கசீப்பின் பக்கம் ரோஷனாரா என்று, ஒரு வீடு பிளவுபடுவதை நம் முன் நிறுத்துகிறது.

ஆயினும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. இன்றைய அரசியலின் வாக்குவாதங்களைப் பதினேழாம் நூற்றாண்டு மாந்தரின் நாவில் வைப்பது நாடகாசிரியரின் உரிமை. பார்வையாளர் அதையே சரித்திரம் என்று வீட்டுக்கு எடுத்துச் செல்வதுதான் ஆபத்து. நாடகத்தில் பேசப்படும் கறுப்புப் பளிங்கு மாளிகையையே எடுத்துக் கொள்ளுங்கள். ஷாஜஹான் தமக்காக அப்படி ஒன்றைக் கட்ட எண்ணினார் என்பது பயணி ஒருவர் எழுதிவைத்த செய்தி. யமுனையின் மறுகரையில் 1990-களில் அகழ்ந்து பார்த்தபோது அங்கே கிடைத்தது ஒரு தோட்டமும் தடாகமுமே. மாளிகையின் அடித்தளம் இல்லை.

என் மனைவி இதிலெல்லாம் சிரத்தை கொள்ளவில்லை. "இரண்டு அக்காமார், ஆளுக்கொரு தம்பியின் பக்கம். அத்தா நடுவில் கிடக்கிறார். நம் தெருவிலும்தான் நடக்கிறது இது" என்றாள், வாகனத்தில் ஏறும்போது. பிறகு, "அந்த ஜஹானாரா கடைசிவரை அத்தாவோடுதான் இருந்தாளா?" என்று மகளைக் கேட்டாள். 1666-இல் ஷாஜஹான் ஆக்ரா கோட்டையில் இறக்கும்வரை உடனிருந்தாள் என்றும், அதன்பின் ஔரங்கசீப்பே அக்காவை அழைத்து அரண்மனைப் பெண்டிரில் முதலிடம் தந்தார் என்றும் மகள் சொன்னாள். "அப்படியா!" என்றவள் திருவல்லிக்கேணி வரை பேசவில்லை.

ஞாயிறன்று கோட்டை அருங்காட்சியகம். 1948-இல் திறக்கப்பட்ட இதில், கார்ன்வாலிஸ் பிரபுவின் ஆளுயரத்தை மீறிய பளிங்குச் சிலை நிற்கிறது. லண்டனில் செய்து கப்பலேற்றியது. அதன் பீடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் 3 கோடியே 30 லட்ச ரூபாய் செலுத்தும்வரை, அவருடைய சின்னஞ்சிறு மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. வென்றவன் தன் பெருந்தன்மையைக் காட்டச் செதுக்கியது அது. 1794-இல்தான் பிள்ளைகள் வீடு திரும்பினர்.

என் மனைவி அங்கே வெகுநேரம் நின்றாள்.

"இந்தப் பிள்ளைகளை அனுப்பியபோது பெற்றவள் என்ன செய்தாள்? அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"சுல்தானைப் பற்றியும் பிரபுவைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள், அம்மா. இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்."

"யார் தேடுவது?"

மகள் பதில் கூறவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பீடத்தைப் பார்த்தேன்.

இரவு ரயிலில், பையன் உறங்கிய பின், கல்லூரிக்குச் செல்லும் பேருந்து நம் ஊரைக் காலையில் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று என் மனைவி கேட்டாள். ஏழே முக்கால் என்றேன். "மாமியிடம் நான் பேசிக் கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரி செய்தாள். பேசியும் விட்டாள். என் தாயார் இன்னும் பி.காம். என்றுதான் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பம் தபாலில் போய்விட்டது.