பஜ்ஜிச் சட்டியிலிருந்து டீசல் டேங்குக்கு

குன்றத்தூர் முருகன் கோயில் மலையடிவாரத்துக் கடைகளில் மாலையானால் பஜ்ஜி, போண்டா, மெதுவடை என்று ஈடு ஈடாக இறங்குகிறது. நான் பார்த்த மாஸ்டர்களுக்கு எண்ணெயின் நிலையை அறிய மீட்டர் தேவைப்படவில்லை. புதுப் பாமாயிலில் மாவு விழுந்தால் பெரிய குமிழிகள் எழுந்து சட்டென்று அடங்கும். பழசானால் பொடி நுரை விளிம்புவரை ஏறி, இறங்க மறுக்கும். அவர்கள் பாமாயிலை விடாதிருக்க விலை மட்டுமே காரணமில்லை. அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதனால்தான் மணிக்கணக்காகச் சூட்டில் நின்றாலும் சூரியகாந்தி எண்ணெய்போல் சீக்கிரம் கெடுவதில்லை. அதே கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்பதும் உண்மை. அது அளவாகச் சாப்பிடுவதற்கான காரணம், எண்ணெயையே ஒதுக்குவதற்கானதல்ல.

பாமாயில் என்றாலே காடழிப்பு என்பார்கள். போர்னியோவிலும் சுமத்ராவிலும் மழைக்காடுகள் அழிந்ததில், ஒராங்குட்டான்கள் இருப்பிடம் இழந்ததில் செம்பனைத் தோட்டங்களுக்குப் பெரும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கொட்டிவிட்டுச் சட்டியில் வேறு எதை ஊற்றுவது? ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் தருகிறது. சோயாவில் அரை டன் கிடைத்தாலே பெரிது. மற்ற எண்ணெய்ப் பயிர்களுக்கு ஒன்பது மடங்குவரை கூடுதல் நிலம் வேண்டியிருக்கும் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமே 2018-இல் சொன்னது. பாமாயிலைப் புறக்கணித்தால் கோடாலி வேறொரு காட்டுக்குப் போகும், அவ்வளவுதான். காட்டை வெட்டாத தோட்டத்து எண்ணெய்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவதே வழி.

பாமாயிலை எரிபொருளாக்கும் விஷயத்தில் இன்னொரு கேள்வி நியாயமானது: சாப்பிடும் பொருளை எஞ்சினில் ஊற்றலாமா? இந்தோனேசியா 2025 முதல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் டீசலைக் கலக்கிறது. அதே நாடு 2022 ஏப்ரலில் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது நாம் தவித்தோம். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்குப் புது எண்ணெயை எரிப்பது கட்டுப்படியாகாது. பொரித்து முடிந்த எண்ணெயின் கதை வேறு. அதற்குப் புதிதாக ஒரு மரமும் நட வேண்டாம். எண்ணெய் சூட்டில் கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அப்படிக் கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு தொடங்கியது. கசடு வடிகட்டி, மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடேற்றினால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். பாமாயில் டீசல் குளிரில் உறையும் என்பது ஐரோப்பாவின் கவலை. மார்கழி விடியலிலும் சென்னையில் அந்தக் குளிர் கிடையாது.

ஆக, தடை தொழில்நுட்பத்தில் இல்லை, சேகரிப்பில்தான். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் கடைகள்தான் எண்ணெய்க் கணக்கு வைக்க வேண்டும். மலையடிவாரத் தள்ளுவண்டிக்கு அந்தக் கட்டாயமில்லை. ஐந்தாறு லிட்டருக்காக எந்தச் சேகரிப்பு வண்டியும் தேடி வராது. வாங்க ஆளில்லாத எண்ணெய் மறுநாள் புது எண்ணெயோடு கலந்து மீண்டும் சட்டியேறும், அல்லது சாக்கடைக்குப் போகும். நாளெல்லாம் அந்த எண்ணெயின் புகையை முதலில் சுவாசிப்பவர் மாஸ்டர். கடைவீதியில் நகராட்சி ஒரு பொது டிரம் வைத்து, வாரம் ஒருமுறை எடைபோட்டு, கையோடு காசு கொடுத்தால் அவர் நுரையைப் பார்த்த அன்றே சட்டியைக் கவிழ்ப்பார்.