புல் நடவு

காலை ஐந்தரை மணிக்குக் கோவையின் தொண்டாமுத்தூர் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் நடந்தேன். முதலில் காதில் விழுந்தது மண்வெட்டி ஈர மண்ணைக் கீறும் சத்தம். அப்புறம்தான் ஆட்கள் தெரிந்தார்கள். முக்கால் ஏக்கர் வயல். நெல்லும் இல்லை, வாழையும் இல்லை. வரப்பிலிருந்து வரப்பு வரை புல். மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் நின்றது. ஒருவர் நூல் பிடிக்க, இன்னொருவர் நூலோரமாக மண்வெட்டியை இறக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், அடியில் ஓர் அங்குல மண். துண்டு துண்டாகப் பாய் மாதிரி பெயர்ந்து வந்தது.

அன்று பகலுக்குள் வடவள்ளியில் ஒரு புது வீட்டு முற்றத்துக்கு இந்தப் புல் போய்ச் சேர வேண்டும். கூடவே நானும் வருகிறேன் என்று இந்த வேலையை எடுத்த மேஸ்திரியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டு வாசலிலும் புல் போட்டேன். ஒப்பந்தம் எடுத்தவர்கள் ஒரே பிற்பகலில் விரித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் பச்சை. ஒரு மாதத்தில் திட்டுத்திட்டாக மஞ்சள். மூன்றாம் மாதம் வைக்கோல். தோண்டிப் பார்த்தால், நான்கு விரற்கடைக்குக் கீழே வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கலவை, உடைந்த ஓடு, செங்கல் தூள், ஒரு முழுச் சாக்குப் பை. அந்தக் குப்பையின்மேல் உயிருள்ள ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள். நன்றாகப் புல் போடுகிறவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தே தீர வேண்டும் என்பது அன்றிலிருந்து மனத்தில் கிடந்தது.

வயலில் பெண்கள் நான்கு பேர். அறுபதைத் தொட்ட ஒருவரை எல்லோரும் பெரியக்கா என்றார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர்த்த துண்டுகளை அவர் ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டுப் பார்த்தார். பச்சைப் பக்கத்தின் மேல் அவர் கண் போகவே இல்லை.

“மொகத்த யாரு வேணாப் பாப்பாங்க கண்ணு. முதுகப் பாக்கோணும்.”

முதுகில் அவர் முதலில் பார்த்தது வேரை. நுனி வெள்ளையாக, மண்ணை வலை போலப் பின்னிப் பிடித்திருந்தால் துண்டு தேறும். பழுப்பேறி, தூக்கும்போதே மண் உதிர்ந்தால் ஓரமாகப் போய்விடும். அடுத்து அவர் தேடியது கோரைக்கிழங்கை. கறுத்து, கொட்டைப்பாக்கில் பாதி அளவுக்கு, வேருக்குள் ஒளிந்து கிடக்கும். ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்றுக்கு மண்ணுக்குள் நூல் மாதிரி ஒரு தண்டு ஓடும். மேலே தழையைக் கிள்ளினால் பயனில்லை. கிழங்கு மறுபடி முளைக்கும். நூல் அறுந்துபோனால் மிச்சக் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். பெரியக்கா ஆள்காட்டி விரலை வேருக்குள் விட்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மூன்று கிழங்கை ஒரே நூலில் கோத்தபடி உருவி எடுத்தார். புல் துண்டில் ஒரு விரிசல்கூட விழவில்லை. அந்த விரலின் நகம் தேய்ந்து சதையோடு சமமாக இருந்தது.

நடுநடுவே அருகும் வந்தது. அதை மட்டும் அவர் கோரையோடு வீசவில்லை, மடியில் கட்டிக்கொண்டார். பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

இந்த அருகைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. இந்த வயலில் இருந்ததைப் போல நர்சரிக்காரர்கள் ‘மெக்சிகன்’ என்று விற்கும் புல் பெரும்பாலும் சாய்சியா இனம். அதன் பூர்வீகம் மெக்சிகோ இல்லை, ஆசியா. அந்தப் புல்லுக்குள் களையாகிவிட்ட நம் அருகுதான் வெளிநாடுகளில் பெர்முடா புல் என்ற பெயரில் மைதானங்களை ஆள்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிஃப்டன் என்ற ஊரில் 1936 முதல் வேலை பார்த்தவர் கிளென் பர்ட்டன் என்ற பயிர் விஞ்ஞானி. அருகுக்கும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அதன் பங்காளிப் புல் ஒன்றுக்கும் பிறந்த கலப்பினங்களைத் தேர்ந்து வளர்த்து வெளியிட்டார். அவற்றில் ஒன்று 1960-இல் வந்த டிஃப்வே. அந்தக் கலப்பினம் விதை பிடிக்காது. கணுவாகவோ துண்டாகவோ நட்டால்தான் உண்டு. அதே பர்ட்டன் கம்பிலும் வேலை செய்தார். அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பைத் தாயாக வைத்துத்தான் லூதியானாவில் எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு உருவானது. 1965-இல் அது நம் நாட்டில் சாகுபடிக்கு வந்தது. சில வருடங்களில் அடிச்சாம்பல் நோய் அந்த ஒட்டுகளை வாட்டியெடுத்தது. ஆனாலும் இந்தியக் கம்பின் வரலாறு அங்கே திரும்பியது.

பெரியக்காவுக்குப் பல்லடம் பக்கம் மானாவாரிக் காடு இருந்தது. கம்பும் சோளமும் போட்டவர்கள். ஒரே மனிதர் கம்புக்கும் புல்லுக்கும் உழைத்ததை அவரிடம் சொன்னேன். அவருக்கு அதில் வியப்பே இல்லை.

“கம்பும் புல்லுதானே கண்ணு. கதிரு வெச்சா சோறு, வெக்காட்டி மாட்டுக்கு.”

ஏழரை மணிக்கு வண்டியில் ஏற்றினார்கள். பச்சைக்குப் பச்சை, மண்ணுக்கு மண் என்று முகம் பார்த்து அடுக்கி, மேலே ஈரச் சாக்கு. மேஸ்திரி என் கையைப் பிடித்து அடுக்கின் நடுவே விடச் சொன்னார். இளஞ்சூடு. அடுக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெட்டிய பிறகும் புல் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கிறது. அடுக்கில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஒரு பகலும் இரவும் அப்படியே விட்டால் நடுவில் இருப்பது வெந்துபோகும். “பால் வண்டி மாதிரிங்க இது. வழியில டீ குடிக்க நிக்கக் கூடாதுங்க” என்றார். நிற்கவும் இல்லை.

வடவள்ளி வீட்டில் உண்மையான வேலை மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. அந்த வேலையைத்தான் என் வீட்டில் செய்யாமல் விட்டார்கள். முற்றத்தை முக்கால் அடி தோண்டி, ஒரு டிப்பர் நிறையக் கட்டடக் கழிவை வெளியேற்றியிருந்தார்கள். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை ஏறி, புல்லுக்கு இரும்புச் சத்தைக் கொடுக்காது. அதனால்தான் மஞ்சள் பூக்கிறது. பிறகு செம்மண், நன்றாக மக்கிய தொழுவுரம், மக்க வைத்த தென்னைநார்க் கழிவு. கலந்து, மட்டம் தட்டி, தண்ணீர் விட்டுச் சும்மா போட்டுவிட்டார்கள். தண்ணீர் பட்டதும் மண்ணுக்குள் இருந்த களை விதையெல்லாம் முளைத்து வந்தது, பிடுங்கினார்கள். மறுபடி தண்ணீர், மறுபடி முளைப்பு, மறுபடி பிடுங்கல். அந்த நாட்களில் வீட்டுக்காரர் பொறுமை இழந்து இரண்டு முறை போன் செய்தாராம். ஒரு தோட்டத்துக்காக மூன்று வாரம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் கஷ்டம்தான். அதைத் தாங்கச் சொல்லும் தைரியம் மேஸ்திரிக்கு இருந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மட்டம் பார்க்க அவர் டியூப் மட்டமும் நூலும் வைத்திருந்தார். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவு, மழைத் தண்ணீர் அஸ்திவாரத்துப் பக்கம் திரும்பாமல் இருக்க. நடைபாதையை விட மண் ஓர் அங்குலம் தாழ்வு. புல் வந்து உட்கார்ந்ததும் பாதையோடு சமமாகிவிடும். திம்சுக்கட்டையால் இடித்த மண்ணின்மேல் என்னை நடக்கச் சொன்னார். செருப்புத் தடம் அரை அங்குலத்துக்குள் நின்றது. அதற்கு மேல் இறங்கினால் மண் இன்னும் இளகல், நாளைக்குப் பள்ளம் விழும். தடமே விழாவிட்டால் வேர் உள்ளே போகாது.

அப்புறம் நடவு. நேரான ஓரம் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். செங்கல் வரி கட்டுவது போலவே, முதல் வரியின் இணைப்பு வந்த இடத்தில் அடுத்த வரியில் முழுத் துண்டின் நடு வயிறு. இணைப்பெல்லாம் ஒரே கோட்டில் வந்தால் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்து ஓடி மண்ணை அரித்துவிடும். துண்டை இழுத்து நீட்டக் கூடாது. இழுத்தது காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். வாயோடு வாய் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் நெருக்கித் தள்ள வேண்டும். பெரியக்காவும் மற்ற மூவரும் ஒரு பலகையின்மேல் முட்டி போட்டு, பின்னால் பின்னால் நகர்ந்தபடியே இதைச் செய்தார்கள். நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்வதை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அசைவு உடனே புரியும். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் துண்டுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். பேச்சு அதிகமில்லை. பெரியக்கா விரலைக் காட்டினால் எந்தத் துண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

ஓர் இடத்தில் நான் கவனிக்காமல் விட்டிருப்பேன். வரி முடியும் ஓரத்தில் நான்கு விரற்கடை இடம் மிஞ்சியது. நானாக இருந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டி அங்கே செருகியிருப்பேன். பெரியக்கா கடைசி முழுத் துண்டை நகர்த்தி ஓரத்தோடு ஒட்ட வைத்து, உள்ளே விழுந்த இடைவெளியில் சின்னத் துண்டைப் பொருத்தினார். நடைபாதைச் சிமென்ட் பகலெல்லாம் கொதிக்கும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் சின்னத் துண்டு இரண்டே நாளில் காய்ந்துவிடும். நடுவில் வைத்தால் நான்கு பக்கமும் ஈரம். இதை யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை.

கட்டடத்தில் கல் வைப்பவர் கொத்தனார். மரம் இழைப்பவர் ஆசாரி. குழாய் போடுபவருக்கும் பெயின்ட் அடிப்பவருக்கும் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு கூலி இருக்கிறது. இந்தப் பெண்களின் வேலைக்குப் பெயர் இல்லை. கணக்கில் ‘சித்தாள்’ என்றுதான் எழுதுகிறார்கள், கூலியும் அப்படித்தான். எனக்கு இது சரியாகப் படவில்லை. அந்த முதுகைப் பார்க்கும் கண்ணும், நூல் அறாமல் கிழங்கை உருவும் விரலும் சித்தாள் கணக்கில் சேராதவை. கட்டுரையில் உங்கள் வேலையை என்னவென்று எழுதட்டும் என்று கேட்டேன்.

“நடவுன்னே எழுது கண்ணு. வேற என்ன பண்றோம்?”

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் புல் பேச்சு அங்கேதான் முடியும். வீட்டுக்காரர் முதலில் கேட்டது 2000 சதுர அடி. மேஸ்திரி புல்லின் விலையைச் சொல்வதற்கு முன் போர்வெல் கோடையில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று விசாரித்தார். அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், 2000 சதுர அடிக்குச் சுமார் 930 லிட்டர், ஒவ்வொரு நாளும். சிறுவாணித் தண்ணீரைக் குடிப்பதற்குக் குடத்தில் பிடித்துச் சேமிக்கும் ஊரில் இதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. கடைசியில் 800 சதுர அடியில் முடிந்தது, சுமார் 370 லிட்டர். அதிலும் பாதியைக் குளியலறைத் தண்ணீரிலிருந்து எடுக்கக் குழாய் போட்டார்கள். மாமரத்தடியில் புல் வைக்க மேஸ்திரி ஒப்பவே இல்லை. “நெழல்ல அது எளச்சுப் போயிருமுங்க, உங்க காசும் போயிருமுங்க.” அங்கே சருகை மட்டும் பரப்பினார்கள்.

மாலையில் தண்ணீர் நிரப்பிய உருளையை மேலே உருட்டி, வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நிற்காமல் அமுக்கினார்கள். பிறகு குழாயைப் பிடித்து, ஒரு துண்டின் மூலையைத் தூக்கி அடி மண் நனைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விட்டார்கள். மேலே நனைவது கணக்கில்லை. முதல் பத்து நாள் காலையும் மத்தியானமும் தண்ணீர். குழந்தைகள் உள்பட யாரும் மேலே நடக்கக் கூடாது. வேர் பிடித்த பிறகு நாள் விட்டு, ஆழமாக. முதல் வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1830-இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கம் எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராக வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்தார் என்று சொன்னேன். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் புல்மேல் தனி உறவு வந்துவிட்டது. புல்வெட்டியின் பிளேடை எத்தனை நாளுக்கு ஒரு முறை தீட்ட வேண்டும் என்று மேஸ்திரியிடம் நுணுக்கமாகக் கேட்க ஆரம்பித்தார்.

பதினாறாம் நாள் மறுபடி போனேன். பெரியக்காவும் மேஸ்திரியும் களை பார்க்க வந்திருந்தார்கள். இணைப்புகள் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரத்துத் துண்டு ஒன்றின் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. இழுத்தேன். புல் நுனிதான் கையோடு வந்தது, துண்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். மண் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரியக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாறு அடி தள்ளி, மற்றவற்றை விட ஒரு விரல் உயரமாக, வேறு பச்சையில் ஒரே ஒரு தழை எழுந்திருந்தது. செருப்பைப் பாதையில் கழற்றி விட்டு, புல்லின்மேல் மெல்ல உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டார்.