தேயிலைச் சரிவில் ஒரு கொய்யாமரம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் சமவெளியில் வாழும் நமக்கு மலை என்பது, ஊத்துக்கோட்டைப் பக்கம் செல்லுங்கால் தொலைவில் நீலக்கோடாகத் தெரியும் நாகலாபுரம் மலைத்தொடரேயாம். எஃகு ஆலைகளின் புகைபோக்கிகளே நாம் அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் உயரங்கள். ஆதலின், 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இலங்கையின் மலைநாட்டைக் காணும் வாய்ப்பு வந்தபோது என் உள்ளம் பெரிதும் மகிழ்ந்தது. பயணி இப்னு பதூதா 1344இல் ஏறிய பாவா ஆதம் மலையில் நானும் ஏற வேண்டும் என்பது இளமை தொட்டே நான் வளர்த்த ஆசை. 2,243 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் பாதச்சுவட்டை முஸ்லிம்கள் ஆதம் நபி (அலை) அவர்களோடும், பௌத்தர் புத்தரோடும், சைவர் சிவபெருமானோடும் இணைத்துப் போற்றுவது மரபு.

செய்தியறிந்த மாணவி ஒருவர் தம் பாட்டியாரைக் காண என்னை அழைத்துச் சென்றார். அவர்கள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிப்போர். தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்த அம்மூதாட்டி, 1977 கலவரத்தில் வவுனியாவுக்கும், 1990இல் படகேறித் தமிழகத்துக்கும் பெயர்ந்தவர். “தம்பி, எங்க ஆத்தாவப் பொதைச்ச எடத்துல, தலைமாட்டுல ஒரு கொய்யாக்கன்னு நட்டேன். அது இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க” என்றார். ஆகட்டும் அம்மா என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்.

கண்டியில் ஓட்டுநருடன் ஒரு காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டேன். பேராதனை, கம்பளை, இறம்பொடை எனப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. 1820களில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டத்தைத் தொடங்கியது இக்கம்பளைப் பகுதியில்தான். தமிழகத்துச் சிற்றூர்களினின்று கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்தே வந்த நம்மவர், வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டோர் போக, எஞ்சியோர் இம்மலைகளைத் திருத்தினர். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழியத் தேயிலை வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்தம் மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரைப் பங்கிட்டது. வகுப்பில் ‘துன்பக்கேணி’ நடத்தும்போதெல்லாம் இவற்றைக் கூறியவன் நான். ஆயினும் காரின் கண்ணாடி வழியே பார்க்கையில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அழகு மட்டுமே என் கண்ணை நிறைத்தது.

நுவரெலியாவில் இரவு தங்கி, மறுநாள் நண்பகல் கடந்து தலவாக்கலையை அடைந்தோம். தோட்டத்திற்குப் பிரியும் பாதையைக் காட்டி ஓட்டுநர், “சேர், அந்தப் பாதை சரியில்ல. மழையும் வருது. உள்ளுக்குப் போனா இண்டைக்கு ராவைக்கு மலையேற ஏலாது” என்றார். மறுநாள் மாலை நான் கொழும்பு திரும்பியாக வேண்டும். சற்றே தயங்கி, “நேரே போங்கள்” என்றேன்.

அட்டனில் தேநீர் அருந்த நிறுத்தினோம். கோப்பையை வாயருகே கொண்டுசென்றபோது அம்மூதாட்டியின் முகம் நினைவில் எழுந்தது. ஏழு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் ஏறிய மலையைத் தேடி ஓடுகிறேன். நேற்று எனக்குச் சொல்லப்பட்ட சொல்லை விட்டுவிட்டேனே என்று நாணினேன். அன்றிரவு அட்டனிலேயே தங்கினோம். விடிந்ததும் காரை வந்த வழியே திருப்பச் சொன்னேன்.

தோட்டத்து லயங்களில் சில பழுதுற்று நின்றன. பிரட்டுக்களத்தருகே இருந்த முதியவர் என்னை ஒரு சரிவுக்கு அழைத்துச் சென்றார். “பழைய மயானம் இதுதாங்க. கன்னு மாத்தி நட்டு வருசம் பலவாச்சு” என்றார். கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை, கொய்யா இல்லை. திரும்பும் வழியில் லயத்தின் பின்புறம் வேறொரு கொய்யாமரம் நின்றது. அதைப் படமெடுத்துக் காட்டினால் அம்மூதாட்டியின் நெஞ்சம் குளிருமே என்று கைப்பேசியை உயர்த்தினேன். பொய்ச்சான்று கூற மனம் ஒப்பவில்லை, தாழ்த்திக்கொண்டேன்.

ஊர் திரும்பி உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர் கேட்டார்: “அந்தச் சரிவுல கொழுந்து எடுக்கிறாங்களா தம்பி?”

“எடுக்கிறார்கள் அம்மா. நான் நின்றபோதே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு இருந்தார்கள்.”

“அப்ப ஆத்தா தனியா இல்ல” என்றார்.

பாவா ஆதம் மலையை நான் காணவில்லை. எனினும், அம்மலைநாட்டைப் பற்றிக் காரில் சுற்றி நான் அறிந்ததைவிட, முகாமின் அச்சிறு வீட்டுத் திண்ணையில் அறிந்தது மிகுதி. மாணவச் செல்வங்களே, அத்திண்ணைகள் நம் கல்லூரிக்கு அண்மையிலேயே உள்ளன. அவற்றில் அமர்ந்திருக்கும் முதியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். கன்று மாற்றி நட்ட சரிவில் கொய்யாமரம் நின்ற இடத்தை இனி அவர்கள் மட்டுமே நமக்குச் சொல்லமுடியும்.