நிரப்பாத சதுரம்

வம்சாவளிப் படம் வரைவதுதான் என் தொழிலில் முதல் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. நோய் கண்டவர் என்றால் உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். மனச்சிதைவு நோயின் மரபணுக்களைத் தேடும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். எத்தனையோ வீடுகளின் படங்களை வரைந்திருக்கிறேன். என் வீட்டுப் படத்தில் மட்டும் ஒரு சதுரத்தை நிரப்பாமலே வைத்திருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் தேவாரம். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவர் போல நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் போய்விடும். தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்கள் வாரக்கணக்கில் இறங்க மாட்டார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளையைக் காணவில்லை என்று யாராவது கேட்டால், "மலையில இருக்கான்" என்று சொன்னால் போதும். மறுகேள்வி வராது.

என் அப்பத்தா சித்தப்பாவைப் பற்றி ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் சொன்னாள். சித்தப்பா மலையில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவத்தில், கயிற்றில் இருந்தார்.

1981இல் அவருக்கு இருபது வயது. ஏலக்காட்டில் கவாத்து வேலைக்குப் போயிருந்தவர் ஒரு ராத்திரி செருப்பில்லாமல் மலைப்பாதையில் தனியாக இறங்கி வந்துவிட்டார். செடிக்குள்ளிருந்து தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றார். கோடங்கி வந்து உடுக்கை அடித்தார். காத்து கருப்பு என்றார். சேவல் அறுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஓடிப்போய்விடுவார் என்ற பயத்தில் கட்டினார்கள்.

அப்பத்தாவைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தண்ணீர்ப் பானைக்கும் திண்ணைக்கும் எட்டுகிற அளவுக்கு அந்தக் கயிற்றின் நீளத்தை அளந்து கட்டியவள் அவள்தான். ராத்திரியில் தொழுவத்திலேயே பாய் விரித்துப் படுத்தவளும் அவள்தான். எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் பிழையில்லாமல் சொன்னேன்.

ஐந்தாண்டு கழித்து மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி போட ஆரம்பித்த பிறகு குரல்கள் அடங்கின. ஏலக்காயைத் தரம் பிரிக்க வாங்கி வந்து அப்பத்தா உட்காரும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து வெடித்த காயையும் பச்சைக் காயையும் தனித்தனியாக ஒதுக்குவார். அந்த விரல்கள் லேசாக நடுங்கும். மருந்தின் விளைவு அது என்று பல காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1999இல் காலமானார். 2002இல் எனக்குப் பெண் பார்த்தபோது, அவர் இளவயதிலேயே மலையில் காய்ச்சல் கண்டு இறந்ததாகப் பெண் வீட்டாரிடம் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு நோய் வந்த அதே 1981இல்தான் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மனச்சிதைவு முதன்முதலாகக் கண்ட 90 பேரைப் பதிவு செய்து, டாக்டர் ஆர். தாராவும் உடன் இருந்தவர்களும் இருபது ஆண்டுக்கும் மேலாக அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்திருந்தது. 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் அந்தப் பணியை ஏற்று நடத்தியது. மாணவனாக அந்த ஆய்வின் கட்டுரையைப் படித்தபோது, எங்கள் தொழுவத்தில் கழிந்த ஐந்து ஆண்டுகளைத்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளர் விடுதித் தீயில் 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோன செய்தியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அப்போதும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பொய் எழுத்தில் ஏறியது அதற்குப் பிறகு. மரபணு ஆய்வுக்கு நோயாளிகளின் ரத்தம் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் குறைந்தபோது ஆய்வகத்தில் இருந்த நாங்களே கையை நீட்டினோம். படிவத்தில் ஒரு கேள்வி: நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது மனநோய் உண்டா? "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்டு என்று எழுதியிருந்தால் என் ரத்தம் தகுதியற்றது என்று ஒதுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவர் ஏன் என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த அறையில் எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். மனச்சிதைவு வரும் வாய்ப்பு பொதுவாக நூறில் ஒருவருக்கு. சித்தப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ இருந்தால் நூறில் நான்கு பேர் அளவுக்குக் கூடலாம் என்பது ஆய்வாளர் காட்ஸ்மன் தொகுத்த பழைய கணக்கு. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால்கூட மற்றவருக்குப் பாதிக்குப் பாதிதான் வருகிறது. 2014இல் பன்னாட்டுக் கூட்டாய்வு இந்த நோயோடு தொடர்புள்ள 108 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. 2022இல் 76,755 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது 287 ஆனது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. அந்தத் துளிகளில் பல நம் எல்லாருடைய உடம்பிலும் இருக்கின்றன. இதையெல்லாம் மேடையில் நின்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து "இல்லை" என்று எழுதியவன் நான்.

எழுதியது ஒரு படிவத்தில்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகும் வரை அது தேறியபடிதான் இருந்தது. மூத்த மகன் நோயாளி. படம் வரைந்துகொண்டே, "இளைய மகன் எங்கேம்மா?" என்று கேட்டேன். "மலையில இருக்கான் சார்" என்றார் அந்த அம்மா. வேறு யார் போயிருந்தாலும் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. சொன்ன விதம் அப்பத்தாவுடையது. கடைசியாக எப்போது இறங்கி வந்தான் என்று மெதுவாகக் கேட்டேன். கண் கலங்கினார். அவன் உள்ளறையில்தான் இருந்தான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க வீட்ல யாரும் இப்படி இருந்திருக்காங்களா சார்?"

"இல்லம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இது தன் வீட்டுக்கு மட்டும் வந்தது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதை நான் செய்தேன். ஊருக்குத் திரும்பும் வண்டியில் எனக்கு அடக்க முடியாத வெட்கம். இந்த முறை சித்தப்பாவை நினைத்து அல்ல.

அடுத்த வாரம் ஆய்வுத் தலைவரிடம் சொன்னேன். ஏழு ஆண்டுகளாக உறைபெட்டியில் இருந்த என் மாதிரியைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். ஒரு மாதிரியால் முடிவு மாறிவிடப் போவதில்லை. ஆனால் இந்தத் துறையில் கூடியிருக்கும் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவருடையது. நம் மக்களின் தரவு இப்போதுதான் சேர்கிறது. 2019இல் சதீஷ் பெரியசாமி, பிரையன் மௌரி, தாரா உள்ளிட்டோர் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, எட்டாம் குரோமோசோமில் நயாசின் என்ற வைட்டமினைக் கையாளும் ஒரு மரபணுவை அடையாளம் காட்டினார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, அந்தந்த வீட்டார் உள்ளதைச் சொன்னதால் கிடைத்தது அது.

மனைவியிடமும் சொன்னேன். அவள் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "அவர் எப்படி இருப்பார்?" என்று மட்டும் கேட்டாள். கல்லூரியில் சேரவிருந்த மகளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. இந்த நோய் தலைகாட்டும் வயது அது.

அப்பத்தா போய்விட்டாள். சின்ன அத்தை மட்டும் ஊரில் இருந்தார். போன சித்திரையில் தேவாரத்துக்குப் போனபோது வம்சாவளித் தாளை அவர் முன் விரித்தேன். 2016இல் அஸ்வின் சேகர் முதல் ஆசிரியராக வந்த ஆய்வைச் சொல்லிப் பார்த்தேன். சின்ன வயதில் மூளைக்குள் இணைப்புகள் தேவைக்கு மேல் இருக்கும், வளரும்போது வேண்டாதவற்றை மூளையே கழித்துவிடும், சிலருக்கு சி4 என்ற மரபணு மிஞ்சி வேலை செய்து வேண்டியதையும் சேர்த்துக் கழித்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றேன். அத்தை ஏலக்காட்டில் முப்பது வருடம் நின்றவர். "கவாத்து கூடிப்போச்சுங்குற" என்றார். ஆமாம் என்றேன். இருபது ஆண்டுகளில் இதை நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பேனாவை எடுத்துச் சித்தப்பாவின் சதுரத்தை நிரப்பினேன். அத்தை அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை அதற்கு மேல் வரிசைக்கு நகர்த்தி, அப்பத்தாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் தாளில் வைத்தார்.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சுய்யா. எங்க அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. வெளியூர்ல கட்டிக் குடுத்துட்டதா சொல்லுவாங்க. கட்டிக் குடுக்கல."

ஒரு வட்டம் வரைந்தேன். பெயர் என்ன என்று கேட்டேன்.