முடக்குவாதத்தோடு ஒரு குடித்தனம்

நோயைப் பற்றி எழுதுவது விரும்பத்தக்க காரியமன்று. பண்டிகை நினைவுகளும் பயணக் கட்டுரைகளும் நிறைந்த இவ்விதழில் மூட்டு வலிக்கு இடமெதற்கு என்று அன்பர்கள் வினவலாம். ஆயினும், சென்ற பொங்கல் விழாவில் நம்மவர் பலர் எங்களைச் சூழ்ந்துகொண்டு விசாரித்ததெல்லாம் இதைப் பற்றியே. ஆகவே எழுதத் துணிந்தோம். எங்களில் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுகிறார். நோய் சொல்பவருடையது, அவருடைய விரல்கள் நெடுநேரம் பேனாவைப் பிடிக்க மாட்டா.

உத்தியோக நிமித்தம் 1984-ஆம் ஆண்டு கும்பகோணத்தை விட்டுச் சித்தூருக்கு வந்தோம். வந்த நாள்தொட்டு மார்கழி முப்பது நாளும் எங்கள் வாயிலில் புள்ளிக் கோலம் தவறியதில்லை. 2016-ஆம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் கோலப்பொடி விரலிடுக்கில் நில்லாமல் கொட்டிப் போயிற்று. பனியினால் விறைத்துவிட்டது என்று எண்ணினோம். மறுநாளும் அவ்வாறே, அதற்கு மறுநாள் காப்பி வடிகட்டியின் மூடியைத் திருக முடியவில்லை. இரண்டு கைகளிலும் ஒரே விரல்களின் கணுக்கள் வீங்கியிருந்தன.

இந்நோயின் பொல்லாத குணம் ஒன்றுண்டு. விடியற்காலையில் உடலைக் கட்டிப்போட்டு, பத்து மணிக்கு மேல் சற்றே அவிழ்த்து விடும். மாலையில் வந்து பார்ப்பவர்களுக்கு, "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!" என்று தோன்றும். அவர்களைக் குறை சொல்வானேன்? இதை எழுதுபவரே அந்நாளில், "இரவெல்லாம் உறங்கினாயே, எழுந்திருக்க என்ன கேடு?" என்று கேட்டதுண்டு. சொன்னவர் மறந்தாலும் கேட்டவர் மறக்கவில்லை. இக்கட்டுரையில் அதைச் சேர்த்தேயாக வேண்டும் என்பது அவர் கட்டளை.

தெருவிலுள்ளோர், "இது பழைய சிக்குன்குனியா" என்றார்கள். 2006-இல் இப்பக்கத்து வீடுகள் பலவற்றில் அக்காய்ச்சல் புகுந்து, மூட்டுகளை மாதக்கணக்கில் வாட்டியது உண்மையே. எங்கள் வீட்டிலும் வந்து போயிற்று. ஆனால் பத்தாண்டு ஓய்ந்திருந்து திரும்பி வருவதற்கு அது கடன்காரனா? வேறு சிலர், "வயதானால் தேய்மானம் வரத்தானே செய்யும்" என்றனர். தேய்மானம் வேறு, இது வேறு. தேய்மானம் பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்த முழங்கால் போன்ற மூட்டுகளில் வருவது. இதுவோ, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மதிமயங்கி, மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குவதால் விளைவது. முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் நம் பாட்டிமார் சொன்னது இதனைத்தான். ஆடவரைவிடப் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகிறது. விரல்களை மட்டும் பற்றி நில்லாது. சோர்வு, பசியின்மை, மெலிவு யாவும் உடன் வரும்.

வேற்று மொழி பேசும் ஊரில் நோயுறுவது தனித் துன்பம். சந்தையிலும் பேருந்திலும் நாங்கள் தெலுங்கு பேசுவோம். ஆனால், 'குடைச்சல்' என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது? 'கடுப்பு' என்பதை? கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் வைத்தியரிடம் எல்லாவற்றையும் 'நொப்பி' என்னும் ஒரே சொல்லால் சொல்லி முடித்தோம். அவரும் அந்த ஒரு சொல்லுக்கு வலி மாத்திரை தந்தார். பிறகு பக்கத்து வீட்டு அம்மையார், குத்தும் வலிக்குச் 'சலுபு' என்றும், விறைத்துப் போவதற்குப் 'பிகுசுகு போவடம்' என்றும் கற்றுக் கொடுத்தார். காலையில் எத்தனை நேரம் பிகுசுகு போகிறது என்பதே வைத்தியர் முதலில் அறிய வேண்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் அவர் காது கொடுத்துக் கேட்பார்.

அச்சொற்களைக் கற்பதற்கு முன்பே தவறு செய்துவிட்டோம். உறவினர் ஒருவர் கொணர்ந்த பெயரில்லாப் பொடியை எட்டு மாதம் உட்கொண்டோம். பத்தே நாளில் வலி பறந்தது. முகமும் மெருகேறியது போலிருந்தது. அது மெருகன்று, வீக்கம். அப்பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று பின்னர்ச் சொன்னார்கள். அந்த எட்டு மாதத்தில் வலக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெளிப்புறம் சாய்ந்துவிட்டன. அவை இனி நிமிரா. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் தக்க மருந்தை ஆரம்பித்தால் மூட்டுகளைப் பெரும்பாலும் காப்பாற்றலாமாம். இதை அறியாத அந்த எட்டு மாதமே எங்களுக்கு ஆறாத வருத்தம்.

சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்தம் சோதித்தார்கள், கைகளைப் படம் எடுத்தார்கள், எல்லாவற்றையும் தமிழில் கேட்டார்கள். "குடைகிறது" என்று சொன்னவுடன் அந்த அம்மையார் தலையசைத்ததைக் கண்டு எங்கள் வீட்டுக்காரி அழுதுவிட்டார்.

மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை தந்தார்கள். முதலில் புற்றுநோய்க்கென ஏற்பட்ட மருந்து என்று கேட்டதும் நடுங்கிப் போனோம். விசாரித்தால் அதன் கதை நம் இரு மாநிலங்களையும் தொடுகிறது. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவுக்குச் சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் குழுவினரின் உழைப்பில் பிறந்தது அது. அதனோடு துணையாகத் தரப்படும் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியதும் அவர் குழுவே. அவர் 1948-இல் காலமானார். முடக்குவாதத்துக்கு இம்மருந்தை அமெரிக்க அரசு அங்கீகரித்தது 1988-இல்தான். ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் படித்தவர் தந்த மாத்திரை என்றதும் வீட்டில் அச்சம் பாதி தணிந்தது.

இம்மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெருமாளுக்குரிய சனிக்கிழமையைத் தேர்ந்துகொண்டு, நாட்காட்டியில் மஞ்சள் பொட்டு வைத்துவிடுகிறோம். ஈரலுக்குக் கேடு வாராமல் அவ்வப்போது இரத்தச் சோதனையும் உண்டு. குணம் தெரிய இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. பொறுமை இழந்து நிறுத்திவிடுவோரே அதிகம் என்றார்கள்.

மற்றவை சில்லறைக் காரியங்கள். எழுந்ததும் வெந்நீரில் கை. பித்தளைக் குடத்துக்கு ஓய்வு. கரண்டிக் காம்புகளுக்குத் துணிச்சுற்று. திருகு மூடிகளெல்லாம் எழுதுபவரின் இலாகா. வீக்கம் மிகுந்த நாளில் ஓய்வு, தணிந்த நாளில் விரல்களுக்குப் பயிற்சி.

உடலைச் சமாளிப்பது எளிது. ஒரு காலை, தலை பின்னிக்கொள்ளக் கை உயரவில்லை. "நான் பின்னிவிடட்டுமா?" என்றபோது, "வேண்டாங்க, அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை" என்று சீப்பை மறைத்துக்கொண்டார். மூன்று நாள் தலை வாராமலே இருந்தார். நான்காம் நாள் சீப்பு மேசைமேல் இருந்தது, பேச்சொன்றும் நிகழவில்லை. முதல் பின்னல் மிகக் கோணலாக அமைந்தது. கோலமும் இப்போது எழுதுபவர் பொறுப்பே. புள்ளிகள் வரிசை பிசகுவதைப் பால்காரர் முதல் எல்லோரும் கண்டு நகைக்கின்றனர். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் இதே நோயால் விரல்கள் முடங்கியும், பிறர் தூரிகையைக் கையில் செருகிவிட, 1919-இல் இறக்கும் வரை தீட்டினார் என்று ஒருநாள் படித்துக் காட்டினோம். "அவருக்குச் சோறு வடிக்கும் வேலை இருந்ததா?" என்று கேள்வி வந்தது. விடையில்லை.

புரட்டாசிதோறும் அலிபிரியிலிருந்து 3,550 படிகளும் ஏறுவது எங்கள் வழக்கம். இராமாநுசர் முழங்காலாலேயே ஏறினார் என்று வழங்கும் மோகாள்ள மெட்டில், வீட்டுக்காரியும் முழங்காலாலேயே ஏறியதுண்டு. சென்ற புரட்டாசியில் படிகளுக்கு மஞ்சள் பூசவேனும் வேண்டுமென்றார். சாய்ந்த விரல்களால் அவர் மஞ்சள் தடவ, எழுதுபவர் குங்குமம் வைக்க, பதினோரு படி ஏறினோம். பன்னிரண்டாம் படியில் கை நின்றது. பின்னால் வந்த ஒரு தெலுங்குப் பெண், "அம்மம்மா, மீ பசுப்பு நேனு பெட்டனா?" என்று கேட்டாள். சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, மஞ்சள் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். அவள் மேலே போனாள். நாங்கள் இறங்கி வந்து பேருந்தில் திருமலைக்குச் சென்றோம். மறுநாள் காலை விரல்கள் மடங்க ஒன்றரை மணி நேரமாயிற்று. நகங்களில் மஞ்சள் அப்படியே இருந்தது.